எழுதத் தெரியாமலே நாவல் ராணியானவர்

சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கரை மீனவர் குப்பங்களில் 'பாடு' என்று ஒரு முறை வழிவழியாக உண்டு. ஏரியில் இறால் வலை கட்டுவதற்கு நல்ல இடங்கள் சிலவே இருக்கின்றன. அந்த இடங்களுக்காக ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நிற்காமல், ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்று இன்னார் பாடு, நாளை இன்னார் பாடு என்று வரிசை வகுத்துக் கொள்வார்கள். வரிசை வந்தவர் நீரோட்டத்துக்குக் குறுக்கே வலையைக் கட்டிவிட்டுக் காத்திருப்பார். நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் அந்த வரிசையில் இடம் பெறக் குடும்பத்தின் தலைக்கட்டு உரிமை வேண்டும். அது ஆண்களுக்கே உரியது. கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணின் பெயர் சீட்டில் வராது.

தமிழ் நாவல் உலகமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. கதை சொல்லும் கலை பாட்டிமார்களுடையது. ஆனால் கதையை அச்சில் ஏற்றும் 'பாடு' முழுவதும் ஆண்களிடம் இருந்தது. அதிலும் கொலை, களவு, மாறுவேடம், மர்மம் என்று விரியும் துப்பறியும் நாவலில் ஒரு குடும்பப் பெண் கை வைப்பாள் என்று யாரும் கனவிலும் நினைக்கவில்லை.

அந்த வரிசையில் தம் பெயர் வரும் என்று காத்திராமல், தாமே வலையை எடுத்துக்கொண்டு இறங்கினார் ஓர் அம்மையார். தமிழில் துப்பறியும் நாவல் எழுதிய முதல் பெண்மணி என்று போற்றப்படும் வை.மு. கோதைநாயகி அம்மாள்தான் அவர். 115 நாவல்களை எழுதிக் குவித்து 'நாவல் ராணி' என்று பெயர் பெற்ற இவருக்கு, முதல் படைப்பை உருவாக்கிய போது தம் கையால் எழுதத் தெரியாது என்பதுதான் எல்லா மர்மங்களையும் விடப் பெரிய மர்மம்!

ஐந்தரை வயதில் மணப்பெண்

கோதைநாயகி 1901-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி பிறந்தார். தந்தையார் நீர்வளூர் வெங்கடாச்சாரியார். தாய் முகம் மனதில் பதியும் முன்பே அன்னையை இழந்த குழந்தை, பாட்டியும் உறவினர்களும் சீராட்ட வளர்ந்தது.

1907-ல் திருமணம். மணமகளுக்கு ஐந்தரை வயது. மணமகன் வை.மு. பார்த்தசாரதிக்கு ஒன்பது வயது. அக்காலத்து ஆசாரமான குடும்பங்களில் இது அதிசயமே அல்ல. பிற்காலத்தில் பால்ய விவாகத்தின் கொடுமையையும் விதவைகளின் துயரத்தையும் பற்றி அம்மையார் எழுதினாரென்றால், அவற்றை அவர் ஏட்டில் கண்டு எழுதவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

புகுந்த இடம் திருவல்லிக்கேணியில் பெயர் பெற்ற வைஷ்ணவக் குடும்பம். கம்பராமாயணத்துக்கு உரை வகுத்த வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் அந்தக் குடும்பத்தவரே. வீட்டில் தமிழ் ஒலித்துக் கொண்டே இருந்தது. ஆனால் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அந்தச் சிறுமி அந்தத் தமிழைக் காதால்தான் குடித்தாள். பாசுரங்களும் புராணங்களும் மனப்பாடமாயின. கேட்டதை அப்படியே வைத்துக்கொள்ளாமல் தம் கற்பனையையும் கலந்து, அக்கம்பக்கத்துக் குழந்தைகளைச் சுற்றி உட்கார வைத்துக் கதை சொல்லத் தொடங்கினாள். நாளடைவில் கதை கேட்க வந்த கூட்டத்தில் பெரியவர்களும் சேர்ந்து கொண்டார்கள்.

கணவர் பார்த்தசாரதி இதைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. மனைவியை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். மேடையில் திரை ஏறுவதும் இறங்குவதும், ஒரு காட்சி முடியும்போது அடுத்தது என்ன ஆகுமோ என்று சபை தவிப்பதும் அந்த இளம் பெண்ணின் மனத்தில் ஆழப் பதிந்தன. நாமும் ஒரு நாடகம் எழுதினால் என்ன என்ற ஆசை பிறந்தது.

ஆசை இருந்தது, கதையும் இருந்தது. எழுதக் கைதான் இல்லை!

தோழியின் கை

அந்தக் கையைக் கொடுத்தவர் பட்டம்மாள் என்ற தோழி. கோதைநாயகி வாயால் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் உட்கார்ந்து எழுதினார். காட்சிகளும் பாத்திரங்களும் பேச்சுகளும் ஒருவர் நினைவிலிருந்து மற்றவர் எழுதுகோலுக்கு இறங்கின. வியாசர் சொல்ல விநாயகர் எழுதினார் என்று பாரதக் கதையில் கேட்டிருக்கிறோம். திருவல்லிக்கேணி வீடொன்றில் இரண்டு பெண்கள் அதைச் செய்து காட்டினார்கள். இப்படி உருவான 'இந்திர மோகனா' என்ற நாடகம் 1924-ல் அச்சேறியது. ஆசிரியை அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார்.

புத்தகத்தைப் பார்த்தவர்கள் பாராட்டினார்கள். வேறொருவராக இருந்தால் அந்தப் பாராட்டோடு நிறைவடைந்திருப்பார். அம்மையாரோ, எப்போதும் இன்னொருவர் கையை நம்பியிருக்க முடியாது என்று உணர்ந்தார். குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதப் பழகினார். எழுதப் பழகிய கையோடு அவர் எடுத்துக் கொண்டது கோலாட்டப் பாட்டையோ சமையல் குறிப்பையோ அல்ல. 'வைதேகி' என்ற துப்பறியும் நாவலை!

வீட்டுக்குள் ஒரு மர்மம்

அப்போது தமிழில் துப்பறியும் கதைகளின் பொற்காலம். 1894-லேயே பண்டித நடேச சாஸ்திரி, தானவன் என்ற போலீஸ் நிபுணனைப் படைத்து இந்த வகைக்கு வித்திட்டிருந்தார். பின்னர் ஆரணி குப்புசாமி முதலியார் மேல்நாட்டுத் துப்பறியும் கதைகளைத் தமிழ் வேஷம் கட்டி உலவ விட்டார். ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்களாயினர். எழுதியவர்கள் அனைவரும் ஆண்கள்.

அதே காலத்தில் கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில் இன்னொரு பெண்மணி இதே வேலையில் இறங்கியிருந்தார். அகதா கிறிஸ்டி 1890-ல் பிறந்தவர். அவரும் சிறு வயதில் வீட்டிலேயே படித்தவர். முதல் உலகப் போரின்போது மருந்துச் சாலையில் வேலை பார்த்து விஷங்களின் குணத்தை அறிந்துகொண்டார். 1920-ல் அவருடைய முதல் மர்ம நாவல் வெளிவந்தது. 1911-ல் நம் நாட்டு முசூரியில் சவாய் ஹோட்டலில் ஓர் ஆங்கில மாது விஷத்தால் இறந்து கிடந்த வழக்கின் சாயல் அந்த நாவலில் இருப்பதாகச் சொல்பவர்களும் உண்டு. 1926 டிசம்பரில் கிறிஸ்டியே திடீரென்று காணாமற் போய், நாடெல்லாம் தேடி, 11 நாள் கழித்து ஹாரோகேட் நகரத்து ஹோட்டல் ஒன்றில் வேறு பெயரில் தங்கியிருக்கக் கண்டுபிடிக்கப்பட்டார். அது அவர் எழுதாத மர்மக் கதை!

மேல்நாட்டு மர்மக் கதைகளில் ஹோட்டலுக்கும் மாளிகைக்கும் ஏன் இத்தனை இடம்? முன்பின் தெரியாத பலர் ஒரே கூரையின் கீழ்த் தங்குகிறார்கள். ஒருவர் மற்றவரைச் சந்தேகிக்கலாம். வெளியார் எவரும் வரவில்லை என்றால் குற்றவாளி உள்ளேதான் இருக்க வேண்டும். ரத்தமும் அருவருப்பும் அதிகமில்லாமல், தேநீர் அருந்தியபடியே படித்து முடிக்கக்கூடிய கதைக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட ஹோட்டல் எங்கே இருந்தது? கூட்டுக் குடும்ப வீடுதான் நமக்கு ஹோட்டல்! கூடத்தில் பெரியவர், அறைக்கு ஒரு தம்பதி, தாழ்வாரத்தில் தூர உறவினர், திண்ணையில் வழிப்போக்கர், கொல்லைப் புறத்தில் விதவை அத்தை. சாவிக் கொத்து யார் இடுப்பில் இருக்கிறது, நகைப் பெட்டியை யார் பார்த்தார், கடிதத்தை யார் பிரித்தார் என்பதெல்லாம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த அளவு எந்தத் துப்பறிவாளனுக்குத் தெரியும்? ஐந்தரை வயதிலிருந்து அத்தகைய வீட்டில் வளர்ந்த கோதைநாயகியின் கைக்குத் துப்பறியும் நாவல் வசப்பட்டதில் வியப்பில்லை.

ஜகன்மோகினி

நாவல் வெளிவர ஒரு பத்திரிகை வேண்டும். 'மனோரஞ்சனி' இதழை நடத்திக் கொண்டிருந்த வடுவூர் துரைசாமி ஐயங்கார் இந்தப் புதிய எழுத்தாளருக்குத் துணை நின்றார். 1925-ல், நின்று போயிருந்த 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை அம்மையார் வாங்கி நடத்த ஆரம்பித்தார். எழுதத் தெரியாமல் நாடகம் படைத்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதற்குள் ஆசிரியை, அதிபர், தொடர்கதை எழுத்தாளர் எல்லாம் அவரே!

வந்தது வரவேற்பு மட்டும் அல்ல. ஏச்சும் வந்தது. வீட்டுப் பெண் நாவல் எழுதுவதா, அதைப் பத்திரிகை நடத்தி விற்பதா, குடும்பப் பெண்கள் அதைப் படித்துக் கெட்டுப் போவதா என்று வசை மாரி பொழிந்தவர்கள் பலர். கணவர் அசையாமல் உடன் நின்றார். பத்திரிகைக் காரியங்களைப் பகிர்ந்து கொண்டார். இப்படி ஒரு துணைவர் வாய்த்திராவிட்டால், அந்தக் காலத்தில் எத்தனையோ பெண்களின் கதைகள் அடுப்பங்கரைப் புகையோடு போனதைப் போல இவருடையவையும் போயிருக்கும்.

துப்பறியும் தொடர்கதைக்கு ஒரு குணம் உண்டு. பெட்டியைத் திறந்தவன் யார் என்று சொல்லாமல் அத்தியாயம் முடிந்துவிட்டால், அடுத்த மாதம் வரை மனம் அமைதி கொள்ளாது. படிக்கத் தெரிந்த ஒரு பெண் உரக்கப் படிக்க, தெரியாதவர்கள் சுற்றியிருந்து கேட்பது அந்நாளைய வழக்கம். எழுத்துத் தெரியாத ஒருத்திக்கு, கதையின் முடிவைத் தானே படித்துத் தெரிந்து கொள்ள வேண்டும் என்ற தவிப்பை விடச் சிறந்த பள்ளிக்கூடம் எது? மர்மம் என்ற வலையை நீரோட்டத்துக்குக் குறுக்கே கட்டிவிட்டு அம்மையார் காத்திருந்தார். பெண்கள் எழுத்தறிவுக்குள் நீந்தி வந்தார்கள்.

கதரும் சிறையும்

1925-ம் ஆண்டு அவர் வாழ்வில் இன்னொரு திருப்பத்தையும் கொண்டு வந்தது. சென்னைக்கு வந்திருந்த காந்தியடிகளை அவர் சந்தித்தார். அன்றோடு பட்டும் பகட்டும் போயின. கதர் வந்தது. அம்புஜம்மாள், ருக்மணி லட்சுமிபதி போன்ற தேச சேவகிகளின் தோழமை கிடைத்தது. குழந்தைகளுக்குக் கதை சொல்லிப் பழகிய நா இப்போது தேசிய மேடைகளில் முழங்கியது. இனிய குரலும் இருந்ததால் தேச பக்திப் பாடல்களைப் பாடியே கூட்டத்தைக் கட்டிப் போட்டார்.

கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணிக்கடை மறியல் எல்லாவற்றிலும் முன் நின்றார். 1930-களின் தொடக்கத்தில் சிறைத் தண்டனை கிடைத்தது. கூடவே அபராதம். அபராதத்தைக் கட்ட மறுத்தார். தண்டனை நீண்டது. அதற்கும் அவர் கலங்கவில்லை.

குற்றங்களைக் கற்பனை செய்து எழுதிக் கொண்டிருந்தவர், இப்போது உண்மையான சிறைக்குள் வந்து விட்டார். சிறையில் அவர் சும்மா இருக்கவில்லை. 'சோதனையின் கொடுமை', 'உத்தமசீலன்' ஆகிய நாவல்கள் அந்தச் சிறைவாசத்தில் பிறந்தவை. வெளியே அவருடைய கணவர் 'ஜகன்மோகினி' நின்று போகாமல் பார்த்துக் கொண்டார்.

அம்மையாரின் எழுத்து மாறியதும் இந்தக் காலத்தில்தான். துப்பறியும் நாவலின் விறுவிறுப்பை அவர் விட்டுவிடவில்லை. ஆனால் கண்டுபிடிக்க வேண்டிய குற்றவாளி மாறிவிட்டான். பெண்ணை அடிமைப்படுத்தும் வழக்கம், வரதட்சிணை, மதுப்பழக்கம், தீண்டாமை, விதவையை ஒதுக்கி வைக்கும் கொடுமை ஆகியவையே அவர் கதைகளில் கையும் களவுமாகப் பிடிபட்டன. கொலையாளியைக் கண்டுபிடித்தால் ஒரு கதை முடிகிறது. இந்தக் குற்றவாளிகளையோ 115 கதைகள் எழுதியும் துரத்த வேண்டியிருந்தது.

திரையும் இசையும்

பேசும் படம் வந்த பிறகு அம்மையாரின் கதைகள் திரைக்கும் சென்றன. 'ராஜமோகன்' 1937-லும், 'அனாதைப் பெண்' 1938-லும் படங்களாக வந்தன. அவருடைய 'தயாநிதி' நாவலைத் தழுவி, பத்மினி நடிக்க, கே.எஸ். கோபாலகிருஷ்ணன் எடுத்த 'சித்தி' 1966-ல் வெளியாகி வெற்றிக் கொடி நாட்டியது. அந்த வெற்றியைப் பார்க்க ஆசிரியை உயிரோடு இல்லை. தணிக்கைக் குழுவின் உறுப்பினராகவும் அவர் பணியாற்றியவர்.

சங்கீதத்தில் அவருக்கு இருந்த ஈடுபாடு தனிக் கட்டுரைக்கு உரியது. குடும்பப் பெண்கள் மேடையேறிப் பாடத் தயங்கிய நாளில், டி.கே. பட்டம்மாள் கச்சேரி மேடைக்கு வர ஊக்கம் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். தாம் பெற்ற துணையை இன்னொரு பெண்ணுக்கு அளிக்க வேண்டும் என்பது அவர் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்த தர்மம்.

காந்தியடிகள் மறைந்த 1948-ல், அவர் பெயரால் மகாத்மாஜி சேவா சங்கத்தை நிறுவி ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொண்டு செய்தார். தியாகி என்பதற்காக அரசாங்கம் அவருக்குப் பத்து ஏக்கர் நிலம் அளித்தது. அதை அவர் வைத்துக் கொள்ளவில்லை. வினோபா பாவேயின் பூமிதான இயக்கத்துக்கு அப்படியே கொடுத்துவிட்டார்.

கடைசி அத்தியாயம்

எத்தனையோ கதாநாயகிகளைத் துயரத்தில் ஆழ்த்திப் பின் கரை சேர்த்த அம்மையாரைத் தேடி ஒரு துயரம் வந்தது. 1956-ல் அவருடைய ஒரே மகன் ஸ்ரீநிவாசன் காலமானார். அந்த அடியிலிருந்து தாய் மீளவில்லை. எழுத்து தளர்ந்தது. உடலைக் காச நோய் பற்றிக் கொண்டது. 1960-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி, தாம்பரம் காச நோய் மருத்துவமனையில் அவர் கண் மூடினார். வயது 58.

மறுமலர்ச்சி எழுத்தாளர்கள் பலர் இத்தகைய நாவல்களை இலக்கியம் என்று ஒப்பவில்லை. நடை பழையது, சம்பவங்கள் மிகை, உபதேசம் அதிகம் என்றார்கள். அந்தக் குறைகள் இல்லையென்று வாதாட வேண்டியதில்லை. மாதாமாதம் பத்திரிகையை நிரப்ப வேண்டிய அவசரத்தில், 115 நாவல்களை எழுதியவரிடம் ஒவ்வொரு பக்கமும் செதுக்கிய சிற்பமாக இருக்க முடியாது. ஆனால் அந்த விமரிசகர்களின் சிறுகதைகளைப் பின்னாளில் படிப்பதற்குப் பெண் வாசகர்கள் எங்கிருந்து வந்தார்கள்? அவர்களில் எத்தனையோ பேருக்கு முதல் புத்தகத்தைக் கையில் கொடுத்தது 'ஜகன்மோகினி' அல்லவா?

இன்று தமிழில் பெண்கள் எழுதாத துறை இல்லை. பத்திரிகை நடத்துகிறார்கள், பதிப்பகம் நடத்துகிறார்கள், மர்மக் கதையும் எழுதுகிறார்கள். அது இயல்பானதாகவே நமக்குத் தோன்றுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் அது இயல்பாக இருக்கவில்லை. எழுதத் தெரியாத ஒரு பெண் சொன்னார், தெரிந்த ஒரு பெண் எழுதினார். அங்கே தொடங்கியது இந்த வரிசை.

பழவேற்காட்டு ஏரியில் பாடு கிடைத்தவர்தான் வலை கட்டலாம். கதை என்ற ஏரியில் இறங்கக் கோதைநாயகி அம்மாளுக்கு யாரும் பாடு கொடுக்கவில்லை. ஆனாலும் அவர் இறங்கினார். அவருக்குப் பிறகு வந்த பெண்கள் எவரும் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.